பாலத்தடிப் பெட்டி

என் வாழ்நாளில் நான் அதிகம் திட்டியது ஈரத்தைத்தான். மனிதர்களையும் திட்டியிருக்கிறேன், ஆனால் அவர்கள் இடைக்கிடை மன்னிப்புக் கேட்டார்கள். ஈரம் ஒருநாளும் கேட்டதில்லை.

தந்திக் கந்தோரில் எனக்குக் கம்பி மூட்டுகிற வேலை. ரெலிபோன் கம்பி ஊருக்குள்ளே தூணுக்குத் தூண் வெறுங்கம்பியாக வரும். கல்லடிப் பாலம் வந்ததும் அந்தக் கதை முடிந்துவிடும், ஆற்றுக்கு நடுவில் தூண் நட முடியாது. ஆறு என்று நாங்கள் சொல்வது கடல்நீர் கலந்த வாவியைத்தான். அங்கே கம்பி ஈய உறை போட்ட கேபிளாக மாறி, பாலத்தின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அக்கரைக்குப் போகும். வெறுங்கம்பியும் கேபிளும் ஒன்றையொன்று சந்திக்கிற இடத்தில், நெஞ்சளவு உயரத்தில், ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே பீங்கான் பலகை, பலகையில் பித்தளைத் திருகாணிகள். இந்தக் கம்பியின் நுனியும் அந்தக் கம்பியின் நுனியும் ஒரே திருகாணியின் கீழே இறுகியிருக்கும். அவ்வளவுதான் பெட்டி. அதற்காக நான் இழந்த தூக்கத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

பாலத்துக்கு இரண்டு முனை என்பதால் பெட்டியும் இரண்டு. பட்டணப் பக்கத்துப் பெட்டி நல்ல குடும்பத்தில் பிறந்தது, அதனால் எனக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை. கிழக்குப் பக்கத்துப் பெட்டிதான் என் விதி. அதன் முதுகில் ஆறு, முகத்துக்கு நேரே கொஞ்ச தூரத்தில் கடல். இரண்டு பக்கமிருந்தும் உப்புக் காற்று அடிக்கும். மாரி தொடங்கி இரண்டாம் கிழமையில் அது செத்துவிடும். முதலில் ரெலிபோனில் மீன் பொரிகிற சத்தம் கேட்கும். பேசுகிறவர்கள் சத்தத்துக்கு மேலே சத்தமாகக் கத்துவார்கள். கத்தினால் கம்பி காயும் என்று படித்தவர்கள்கூட நம்பினார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காது. நான் போய்ப் பெட்டியைத் திறந்தால் திருகாணிகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், தேய்க்காத செம்புக் குடத்தில் பூப்பதைப் போல.

இப்படி இரண்டு மாரி போனது. மூன்றாம் வருடம் ஆவணியில் கொழும்பிலிருந்து ஒரு புதுத் துரை வந்தார். பெட்டியின் முன்னால் நின்று கைத்தடியால் அதை இரண்டு முறை தட்டினார். உள்ளேயிருந்து யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்து, இந்த முறை ஜனவரி நடுப்பகுதி வரை இது உயிரோடிருந்தால் நீ இங்கேயே இருக்கலாம், செத்தால் இரண்டு வருடம் மன்னாருக்குப் போகவேண்டும், அங்கே இதைவிட மோசமான பெட்டிகள் இருக்கின்றன, கற்றுக்கொள்வாய் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். ஜனவரி நடு என்பது எங்கள் கணக்கில் தைப்பொங்கல்.

மன்னார் ஒன்றும் நரகமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போகிறவன். வீடு அவளுடையது, சுற்றியிருக்கிற வளவு அவளுடையது, கிணறும் அவளுடையது. நான் ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தவன். மாமி அதே வளவில் பின்பக்கத்துச் சின்ன வீட்டில் இருந்தார். எங்களுக்கு அப்போது ஆறு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. துரை சொன்னதை அன்று மத்தியானம் மனைவியிடம் சொன்னேன்.

"மன்னாருக்கா?" என்றாள்.

"ஓம்."

"நான் வரமாட்டன். இது என்ட வளவு. அம்மா இரிக்கா, புள்ள இரிக்கி. நீங்க போட்டு வாங்க."

சந்தைக்குப் போகிறவனிடம் சொல்வதைப் போலச் சொன்னாள். அந்தக் குழந்தை அப்போதுதான் என் முகத்தைக் கண்டதும் இரண்டு காலையும் உதைத்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தது. அதற்கு முன் என் முகத்தைக் கண்டு அப்படி மகிழ்ந்தவர்கள் யாருமில்லை. இரண்டு வருடம் போய்விட்டு வந்தால் அது என்னை வளவுக்குள் விடுமோ என்னவோ. எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், ஆகவே அன்று முழுவதும் சுற்றியிருந்தவர்களுக்கு நல்ல காலமில்லை.

கந்தோரில் தலைமைக் கிளாக்கர் யாழ்ப்பாணத்தவர். அவர் மற்றவர்களுக்குக் கேட்கும்படி, "மட்டக்களப்புக்குப் போனால் பொம்பிளையள் மந்திரம் போட்டுப் பாயோட ஒட்டவச்சிடுவினம் எண்டு எங்களைத்தான் ஊரில பயப்படுத்தி விட்டவை. இஞ்ச பிறந்தவனையே ஒட்டவச்சிருக்கினம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவருடைய மைக்கூட்டை மேசை விளிம்புக்கு நகர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

எனக்கு உதவிக்கு ஒரு காக்கா இருந்தார், முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். காத்தான்குடிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நாட்கூலி. நெசவுக் குடும்பம். தறியில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்கள் அவருடையவை. மெழுகு நூலால் அவர் சுற்றிய கம்பி மூட்டு ஒன்றை அவிழ்ப்பதற்கு அவரையே கூப்பிடவேண்டும். என்னோடு ஆறு வருடம் வேலை செய்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் நிற்கவில்லை.

புரட்டாதியில், கச்சான் காற்றின் கடைசிச் சூடு இருக்கும்போதே வேலையைத் தொடங்கினோம். உச்சி வெயிலில்தான் பெட்டியைத் திறக்கவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அந்த நேரத்தில் இரும்பைத் தொட்டால் கை பொசுங்கும்.

"ஈரம் இல்லாத நேரம் இதுதான் காக்கா."

"மெய்தான் தம்பி. ஈரமும் இல்ல, இனி எனக்குத் தோலும் இல்ல" என்று விரலை ஊதினார்.

திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எமரித் தாளால் தேய்த்து, பித்தளை மஞ்சள் தெரிகிற மட்டும் விடவில்லை. ஸ்பிரிட்டில் துடைத்தோம். பெட்டிக்குக் கீழே ஒரு சட்டியில் சிரட்டைக்கரித் தணல் வைத்து அரை நாள் காயவிட்டோம். தெருவால் போனவர்கள் பாலத்தடியில் யாரோ கடை போட்டிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் அவித்த சோளம் இருக்கிறதா என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

கேபிளுக்குள்ளே கம்பியைச் சுற்றியிருப்பது வெறும் கடதாசி. அந்தக் கடதாசி ஈரத்தைக் குடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு துண்டைக் கிழித்துக் கொதிக்கிற மெழுகில் போடவேண்டும். நுரைத்தால் ஈரம், நுரைக்காவிட்டால் காய்ந்தது. முதல் துண்டு நுரைத்தது. ஒரு சாண் கேபிளை வெட்டி எறிந்துவிட்டு அடுத்த துண்டைப் போட்டோம், அதுவும் நுரைத்தது. மூன்றாவதும் நுரைத்தபோது நான் மெழுகையே திட்டினேன். நான்காவது துண்டு சத்தமில்லாமல் கிடந்தது. இரண்டு பேரும் மெழுகுச் சட்டிக்குள் குனிந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு எதிரி எங்கள் கைதான். வியர்வையிலும் உப்பு இருக்கிறது. காய்ந்த கடதாசியை வியர்த்த விரலால் தொட்டால் அந்த இடத்தில் ஆறு மாதத்தில் களிம்பு வைக்கும். ஆகவே துணியால் துடைத்துத் துடைத்து வேலை செய்தோம். என் நெற்றியிலிருந்து பெட்டிக்குள் சொட்டாமலிருக்கக் காக்கா தன் துவாயை என் தலையில் இறுக்கிக் கட்டிவிட்டார். "தம்பி, ஏசாம வேலை செஞ்சா வேர்க்காது" என்றார். அது சரியான யோசனைதான், ஆனால் நடக்கிற காரியமில்லை.

மூட்டின் மேல் மெழுகை ஊற்றி, திருகாணிகளுக்கு வஸ்லின் பூசி, மோட்டார் ரியூப் ரப்பரை வெட்டி மூடிக்குக் கீழே வைத்தோம். கேபிளை நேரே பெட்டிக்குள் விடாமல் கீழே ஒரு வளைவு வளைத்து மேலே ஏற்றினோம். வழிந்து வருகிற மழைத் தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிப் போய்விடும். கடைசியாக மூடியின் நான்கு நட்டுகளையும் கையால் இறுக்கினேன். அவை ஸ்பானர் தேவைப்படாமல் யாரும் கையால் திருகக்கூடிய நட்டுகள். இனிப் பொங்கல் வரைக்கும் இதை நானே திறக்கமாட்டேன் என்றேன். ஒரு முறை திறந்தால் மாரிக் காற்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். காக்கா, "அல்லா பாத்துக்கொள்ளட்டும்" என்றார். "அல்லா பார்க்கட்டும், ஆனால் திறக்கவேண்டாம்" என்றேன்.

அந்த நாட்களில் வீட்டிலும் எனக்கு இதே பேச்சுத்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே ஈரம் எப்படிக் கம்பியைத் தின்கிறது என்று விளக்குவேன். மாமி ஒருநாள் தன் தட்டோடு எழும்பிச் சின்ன வீட்டுக்குப் போய்விட்டார். மனைவி மட்டும் இருந்து கேட்டாள். அவளுடைய தகப்பன் செட்டிபாளையத்தில் கருவாடு போட்டு விற்றவர். மாரிக்காலம் முழுவதற்கும் மீன் கெடாமல் வைக்கிற வித்தையில் வளர்ந்த பெண் அவள்.

"அப்படியெல்லாம் மூடியும் ஈரம் உள்ளுக்குப் போகுமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கொஞ்சம் போகும்."

"போனா, அத உறிஞ்சி எடுக்க உள்ளுக்கு ஒண்டும் வைக்கிறல்லயா?"

அது நல்ல கேள்வி. இப்போது யோசித்தால் அந்த வருடம் என்னிடம் யாரும் கேட்ட ஒரே நல்ல கேள்வி. நான் சொன்ன பதில், "நீ சோத்தப் போடு. கம்பி வேலை எனக்குத் தெரியும்." அவள் சோற்றைப் போட்டாள்.

மாரி வந்தது. எங்கள் மாரி தூறிக்கொண்டு வருவதில்லை, வந்தால் ஊரையே ஆற்றோடு சேர்த்துவிட்டுத்தான் பேசும். முதல் கிழமை போனது. காலையில் கந்தோருக்கு வந்ததும் அக்கரையிலிருந்த சின்னத் தபால் கந்தோரைக் கூப்பிட்டு, அங்கேயுள்ளவரைப் பேசவேண்டாம், சும்மா இரும் என்று சொல்லிவிட்டுக் கம்பியைக் கேட்பேன். ஒரு பொரிச்சலும் இல்லை. இரண்டாம் கிழமையும் இல்லை. அது வழக்கமாகச் சாகிற கிழமை. மூன்றாம் கிழமையில் எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. தலைமைக் கிளாக்கருக்குக் காலை வணக்கம் சொன்னேன். அவர் பயந்துபோய்க் காய்ச்சலா என்று கேட்டார்.

மனைவியும் வெள்ளிக்கிழமைகளில், நான் கந்தோரால் வந்ததும், "பெட்டி எப்படி?" என்று கேட்பாள். "நல்லா இரிக்கி" என்பேன். "ம்" என்று விட்டு உள்ளே போவாள். நான் போனாலும் ஒன்றுதான் இருந்தாலும் ஒன்றுதான் என்று நினைக்கிற பெண், மரியாதைக்குக் கேட்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். எனக்கு அது மனதில் குத்தியது. ஆனால் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

மார்கழி பாதி போயிருந்தது. பொங்கலுக்கு இன்னும் இரண்டு கிழமைதான். ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் அக்கரைத் தபால் கந்தோருக்குப் போயிருந்தபோது கொழும்பிலிருந்து துரையே பேசினார். பாலத்துக் கம்பி வழியாக அவருடைய குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதைப் போல வந்தது.

கேட்கிறதா என்றார். நன்றாகக் கேட்கிறது என்றேன். எனக்கும் கேட்கிறது, ஒரு சத்தமுமில்லை, நான் உன்னைப் பற்றித் தவறாக நினைத்துவிட்டேன், உண்மையில் உன்னுடைய வேலை என்று தொடங்கினார். அந்த இடத்தில் பொரிச்சல் தொடங்கியது. என்னுடைய வேலை எப்படிப்பட்டது என்பதை நான் கடைசிவரை கேட்கவில்லை. துரை இரண்டு மூன்று முறை கத்தினார். பிறகு ஒன்றுமில்லை.

காக்காவைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்கு ஓடினேன். மழை விட்டிருந்தது, ஆனாலும் அவர் தார்ப்பாய்ப் படங்கை விரித்துப் பிடித்தார். நட்டுகளைத் திருகி மூடியை எடுத்தேன்.

உள்ளே, பீங்கான் பலகையின் மேல் விளிம்பில், உள்ளங்கைக்குள் அடங்குகிற தேசிக்காய் அளவில் ஒரு துணி முடிச்சு உட்கார்ந்திருந்தது. நனைந்து தொப்பலாக. அதிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, முதலாம் திருகாணியில் விழுந்து, அங்கிருந்து இரண்டாவதுக்கு வழிந்தது. நான் ஒரு நாள் முழுவதும் தேய்த்த பித்தளை எல்லாம் பச்சை. வஸ்லினுக்குக் கீழே போய்க் களிம்பு வைத்திருந்தது.

காக்கா படங்கோடு இரண்டடி பின்னால் போனார். "தம்பி, தொடாதீங்க. இது ஆரோ உங்களுக்குச் செஞ்சது."

"செய்வினையா?"

"வேற என்ன. துணியில முடிஞ்சி, ஊசியால தச்சி, ஒங்கட பெட்டிக்குள்ள வச்சிரிக்கான். ஓதிப் பாக்கிற ஓராள் ஏறாவூரில இரிக்கார், நான் கூட்டிப் போறன்."

நான் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. பிறகு துணியைப் பார்த்தேன். நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட துணி. நான் இடுப்பில் உடுத்திய பழைய சாரன், குழந்தைக்கு விரிக்க என்று மனைவி கிழித்து வைத்திருந்தது. தையலையும் பார்த்தேன். என் சட்டைக் கை கிழிந்தால் அதே தையல்தான் போடுவாள், ஒரு நெருக்கம், ஓர் அகலம், ஒரு நெருக்கம். அந்த நிமிடமும் என் தோளில் அந்தத் தையல் இருந்தது.

"காக்கா, இது எங்கட வீட்டுக்காரி செஞ்சது" என்றேன்.

அவர் படங்கை மடித்துக்கொண்டே யோசித்தார். "அப்ப ஓதிப் பாத்தும் சரிவராது" என்றார்.

நடந்ததைக் கண்டுபிடிக்கப் பெரிய புத்தி தேவைப்படவில்லை. உப்பு மீனுக்குள் இருக்கிற தண்ணீரை இழுத்து வெளியே எடுக்கும். அதுதான் கருவாடு. மீனைக் காப்பாற்றுகிற உப்பு பெட்டியைக் காப்பாற்றாதா என்று கருவாட்டுக்காரர் மகள் நினைத்ததில் பிழையில்லை. ஆனால் உப்பு தண்ணீரை இழுக்கும்போது அது யாருடைய தண்ணீர் என்று பார்ப்பதில்லை. மாரிக் காற்றிலிருக்கிற தண்ணீரையும் இழுத்துத் தானே கரைந்து சொட்டும். பித்தளைக்கும் செம்புக்கும் அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. கடல் பல வருடமாக வெளியே நின்று முயற்சி செய்ததை அவள் ஒரு முடிச்சில் உள்ளே கொண்டுபோய் வைத்திருந்தாள்.

பாலத்திலிருந்து வீட்டுக்குக் கால் மைல். அந்தக் கால் மைலில் நான் கட்டிய பேச்சு என் வாழ்நாளில் கட்டிய பேச்சுகளிலேயே சிறந்தது. தொடக்கம், நடு, முடிவு எல்லாம் இருந்தது. அவளுடைய தகப்பனுக்கும் அதில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தேன்.

வளவுக்குள் போனபோது அவள் அடுப்படியில் இருந்தாள். சட்டியில் உப்பு வறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாயில் குழந்தை. அன்று வெள்ளிக்கிழமை. அந்த நேரத்தில் நான் வருவேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, சட்டியை மூடினாள்.

"என்னத்துக்கு உப்பு வறுக்கிறாய்?"

"அம்மாக்கு முழங்கால் நோ. ஒத்தடம் குடுக்க."

அந்த நேரம் பார்த்து மாமி ஒரு கட்டு விறகைத் தலையில் வைத்துக்கொண்டு எங்களைக் கடந்து விறுவிறென்று போனார்.

வாசலில் மழைக்குப் பிடிக்கிற தலப்பத்து ஓலை ஏற்கனவே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. வறுத்துச் சூடாக முடிந்துகொண்டு போய், பழையதை எடுத்துப் புதியதை வைத்துவிட்டு வருவது என்பது அவளுடைய ஒழுங்கு. நான் கந்தோரில் இருக்கிற நேரம், கிழமைக்கு ஒரு தடவை, அந்த மழைக்குள். என்னோடு வரமாட்டேன் என்று சொன்ன பெண், நான் போகாமலிருப்பதற்காக ஒருவருக்கும் சொல்லாமல் பாலத்துக்கு நடந்திருக்கிறாள். அதை விளங்கிக்கொண்டபோது கால் மைலாகக் கட்டிய பேச்சில் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. குழந்தை என்னைக் கண்டு காலை உதைத்தது.

"கம்பி போயிற்று" என்று மட்டும் சொன்னேன்.

"எப்படி?"

"ஈரம்."

அவள் சட்டியை இறக்கி வைத்தாள்.

திருகாணிகளைத் தேய்த்துக் கம்பியை ஓடவைக்க எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. துரைக்கு அறிக்கை எழுத இரண்டு நாள் எடுத்தது. பெட்டியை யாராவது திறந்தார்களா என்று அவர் கேட்டிருந்தார். ஓம், யாரோ திறந்திருக்கிறார்கள் என்று எழுதினால் நான் தப்பலாம். ஆனால் கந்தோர்க் கணக்கில் பெட்டியைத் தொட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், அதில் ஒருவர் நாட்கூலி. காக்காவை விசாரிக்கக்கூட மாட்டார்கள், நாளைக்கு வரவேண்டாம் என்பார்கள். என் மனைவி கருவாடு போடுகிற முறைப்படி பெட்டிக்குள் உப்பு வைத்தாள் என்று எழுதினால் அந்தக் கடதாசி கொழும்பில் மேசைக்கு மேசை போகும். அவளைப் பார்த்து அவர்கள் சிரிப்பதை என்னால் பொறுக்க முடியாது. சிரிப்பதென்றால் நான் சிரிக்கவேண்டும், வேறு ஒருவனுக்கும் அந்த உரிமை இல்லை.

மூட்டு வேலையில் என் கவனக்குறைவே காரணம் என்று எழுதினேன். என் வேலை பிழை என்று நான் கைப்பட எழுதியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அதுவும் உண்மையில்லை.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் மாற்றக் கடிதம் வந்தது. மன்னார், இரண்டு வருடம், பத்து நாளுக்குள் போய்ச் சேரவேண்டும். தலைமைக் கிளாக்கர் அதை என் கையில் தரும்போது ஒரு பகிடியும் விடவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் மாமியும் இருந்தார். கடிதத்தை வாசித்துச் சொன்னேன். மாமி, "அதுக்கென்ன மருமகன், ரெண்டு வருசம் ரெண்டு நாளாப் போயிரும்" என்றார். மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"பெட்டிக்குள்ள என்ன கண்டீங்க?" என்று கேட்டாள்.

"களிம்பு."

"வேற?"

நான் கடிதத்தை மடித்தேன்.

"நான் வறுத்துத்தானே வச்சன். கிழமைக்குக் கிழம மாத்தின நான். ஒரு கிழமையும் விடல்ல."

"மாரிக் காத்தில வறுத்த உப்பும் கசியும்" என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். எனக்கு அதில் பழக்கமில்லை.

"அப்ப, என்னாலதான் போச்சு."

கடதாசியில் பொய் எழுதிவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. "ஓம்" என்றேன்.

அவள் அழவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்தாள், எழும்பினாள். பரணில் கிடந்த என்னுடைய தகரப் பெட்டியை இறக்கி, தூசு தட்டி, திறந்து பார்த்தாள். "இது காணாது. இன்னொரு பெட்டி வேணும். நானும் வாறன்" என்றாள்.

மாமி வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தார். "எங்கட குடியில ஒருத்தியும் வளவ உட்டுட்டுப் புருசனுக்குப் பின்னால போனதில்ல. தெரியுமா ஒனக்கு?"

"அவருக்குப் பின்னால ஆரு போறா?" என்றாள் மனைவி. "அவர அனுப்பினது நான். அனுப்பின இடத்துக்கு நானும் போறன்."

மாமி என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன். நான் கிணற்றடிக்குப் போய், முகம் கழுவுகிற சாட்டில், ஓலைப் பட்டையில் அள்ளிய தண்ணீர் முடிகிற வரைக்கும் அழுதேன்.